குடிச்சுப் பாத்த தண்ணி

முதல் நாளே அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

சித்திரை வெயில். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி வழியாக கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பைக்கில் வந்து சேர்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை வெந்துபோய் இருந்தது. லேபிள் அறைக்குள் நுழைந்ததும் மெஷினைக்கூடப் பார்க்காமல், "அக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். அண்ணாந்து தானே ஒரு மடக்கு குடித்தார். விழுங்கிவிட்டு, காது கேட்காதவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம்தான் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இன்னாக்கா இது, நான் தண்ணி கேட்டா நீ குடிக்கற?"

"குடி தம்பி. ஒண்ணும் ஆவல."

ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? உதடு படாமல்தான் குடித்தார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வந்தவனுக்குக் கொடுக்கிற தண்ணீரில் முதல் மடக்கை நாம் குடிப்போமா? எங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் அம்மா முதுகிலேயே ஒன்று வைப்பாள். நான் பாட்டிலைத் தொடாமல் விறைத்துக்கொண்டு வெளியே போய், கேட்டில் வாட்ச்மேனிடம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்த அக்கா பாட்டிலை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மூஞ்சி சரியில்லை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கே இருக்கிறாரோ, யார் கண்ணில் இது படுமோ. கம்பெனியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, லேபிள்கார அக்கா என்றால்தான் தெரியும். எளாவூரில் லைன் வீடு. காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, சாயந்தரம் அதே மாதிரி ஏறிப் போவார். காண்டிராக்டில்தான் வேலை. எத்தனை வருஷமாக என்று கேட்டால், "இந்த சுவத்துக்கு மூணு வாட்டி பெயிண்ட் அடிச்சிட்டாங்க, பாத்துக்கோ" என்பார்.

நான் லேபிள் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். அடையாள அட்டையில் சர்வீஸ் இன்ஜினியர் என்று போட்டிருக்கும், அது அட்டைக்கு. எளாவூர் செக்போஸ்ட்டிலிருந்து காக்களூர் எஸ்டேட் வரைக்கும் எந்தக் கம்பெனியில் லேபிள் மெஷின் மக்கர் பண்ணினாலும் என் போன்தான் அடிக்கும். அந்த அக்கா வேலை பார்த்த கம்பெனியில் தரை கழுவ, கக்கூஸ் கழுவ, ஓட்டல் பாத்திரத்தில் அடிப்பிடித்ததை எடுக்க என்று விதவிதமான மருந்துகள் செய்தார்கள். வெள்ளை வெள்ளையாகக் கேன்கள். கேனுக்குள் இருப்பதும் பார்க்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். எது எது என்று சொல்வது மேலே ஒட்டுகிற லேபிள் மட்டும்தான். அந்த லேபிளை அடிப்பது அந்த அக்கா.

நான் அந்தப் பக்கம் போய்வந்த கம்பெனிகளிலேயே அதிகமாகப் போன் வந்தது அந்த அறையிலிருந்துதான். ஒவ்வொரு தடவையும் ஒரே புகார்.

"தம்பி, தமிழ் எழுத்து பூட்ச்சி. கட்டம் கட்டமா அடிக்குது."

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, பொறுமை போய், பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினேன்.

"இத பாருக்கா. இங்கிலீஷ் எழுத்து, நம்பரு, இதெல்லாம் மெஷினு பொறக்கும்போதே உள்ள கீது. அத்த யாரும் எடுக்க முடியாது. தமிழ் எழுத்து அதுகிட்ட கெடையாது. கம்ப்யூட்டர்லேர்ந்து நாமதான் உள்ள அனுப்பறோம். அனுப்பனத ஒரு ஓரமா வெச்சிக்கும். கரண்ட்டு போனா, சுச்சி ஆப் பண்ணா, அத்த மறந்துடும். எழுத்து இல்லாத எடத்துல கட்டம் போட்டுடும். திரும்ப அனுப்பணும்."

அவர் மெஷினை ஒருமுறை பார்த்தார். "அப்ப இங்கிலீஷு சொந்த ஊட்ல கீது. தமிழு வாடகைக்கு கீது."

"அப்டி வெச்சுக்கோ."

"எங்கள மாரி," என்று சிரித்தார். "கேட்டுக்கு வெளிய போனா, திரும்ப உள்ள வந்தாத்தான் நெசம்."

சிரித்தபோதுதான் பார்த்தேன், அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். அதற்குள் பாதித் தலை நரைத்திருந்தது.

எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. அந்தக் கம்பெனியில் தமிழில் எழுதின லேபிள் உள்ளூர்க் கடைகளுக்குப் போகிற சின்ன பாட்டில் ஒன்றுக்கு மட்டும்தான். அதையும் எப்போதாவதுதான் போடுவார்கள். மற்றதெல்லாம் இங்கிலீஷ். பின்னே எதற்கு தினம் தினம் தமிழ் வேண்டும் என்று நச்சரிக்கிறார்? காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரிலிருந்து தமிழ் எழுத்தை மெஷினுக்கு அனுப்பிவிடுவார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, உள்ளே என்னென்ன எழுத்து இருக்கிறது என்று மெஷினே அடித்துக் கொடுக்கிற சீட்டு ஒன்று உண்டு. அதை அடித்து, விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாஷ்டா டப்பாவைத் திறப்பார். இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மரை கழன்றிருக்கிறது என்றே நினைத்தேன்.

மரை கழன்ற கதை இன்னொன்றும் காதில் விழுந்தது. வெளியூரிலிருந்து கம்பெனியைப் பார்வையிட ஆட்கள் வந்திருக்கிறார்கள். பியூன் லீவு. தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்படி அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். கடையில் வாங்கின, சீல் உடைக்காத பாட்டில்கள். அவர் அத்தனை பாட்டிலையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வந்தவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மேனேஜர் சிவந்துபோய்விட்டார்.

அன்றைக்கு அவர் வேலை போகாமல் காப்பாற்றியவர் தரம் பார்க்கிற அதிகாரி. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நெற்றியில் நாமம் கலையாமல் கெமிக்கல் கம்பெனிக்கு வருகிற ஒரே மனிதர். வெளியில் யார் கையிலும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார், வீட்டிலிருந்தே கூஜாவில் கொண்டுவருவார். எச்சில், பத்து என்று ஆசாரமெல்லாம் பார்க்கிற அவர்தான் முதலில் குதிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களாம். அவரோ மேனேஜரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த மேனேஜர் அந்த அக்காவைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு ஒரு காலையில்.

பொழுது விடிகிற நேரத்துக்கு போன் அடித்தது. அந்த அக்கா. எப்போதும் "தம்பி, நல்லா கீறியா" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அது இல்லை.

"தம்பி, உன் லேப்டாப்புல தமிழ் எழுத்து கீதா?"

"கீதுக்கா. இன்னாத்துக்கு இந்நேரத்துல?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர மாத்திட்டாங்க. புதுசுல அந்த எழுத்து இல்ல. நேத்து கரண்ட்டும் போய் வந்துச்சி. மெஷினும் மறந்துட்ச்சி. நீ இப்ப வாயேன் தம்பி. உனுக்குப் புண்ணியமாப் போவும். பாப்பா ராத்திரிலேர்ந்து தண்ணி குடிக்கல."

பாப்பா தண்ணீர் குடிப்பதற்கும் லேபிள் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் எடுத்தேன். அந்தக் குரலுக்கு முன்னால் கேள்வி வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கம்பெனி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். புடவையை மாற்றிக்கூட வரவில்லை. உள்ளே போய் லேப்டாப்பை இணைத்து எழுத்தை அனுப்பினேன். அவர் தட்டச்சு செய்தார், ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. மெஷின் ஒரே ஒரு லேபிளைத் துப்பியது. அதில் இப்படி இருந்தது:

இது தண்ணி. அம்மா குடிச்சுப் பாத்துட்டேன்.

கீழே அன்றைய தேதி.

அவர் அதைக் கிழித்து, பின்பக்கத் தாளை எடுக்காமல், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "என்ன ஊட்ல வுட்டுடறியா தம்பி? ஷேர் ஆட்டோ இந்நேரத்துக்கு வராது."

பைக்கில் போகும்போதுதான் சொன்னார். காற்றில் பாதி வார்த்தை பறந்துபோயிற்று. மீதி போதும், இன்றைக்கு வரைக்கும் காதில் இருக்கிறது.

அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கழுவுகிற மருந்தில் கொஞ்சம் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கடையில் விற்பதைவிட வீரியம் அதிகம், பாசி பிடித்த தரையில் ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும். சூப்பர்வைசர்களும் கண்டுகொள்ளமாட்டார்கள், அவர்கள் வீட்டுக்கும் போகும். அந்த அக்காவும் ஒரு பாட்டில் கொண்டுபோய் பாத்ரூம் வாசலில் வைத்திருந்தார். எது என்ன பாட்டில் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வைக்கிற இடம்தான் அடையாளம். ஒரு நாள் தரை கழுவினவர்கள் அதை நகர்த்திச் சமையல் மேடை ஓரமாக வைத்துவிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயசு முடியவில்லை. விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடி வந்திருக்கிறது.

"நாளெல்லாம் லேபிள் ஒட்டறவ தம்பி நானு," என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "ஊரான் ஊட்டு கேனுக்கெல்லாம் ஒட்டனேன். எம்பொண்ணு எடுத்த பாட்டில்ல ஒட்டல."

நான் வண்டியை ஓட்டினேன். ரோட்டில் ஆந்திரா லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. புகுந்து புகுந்து போனேன்.

உயிர் பிழைத்துவிட்டது. உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அவ்வப்போது படுக்கவைத்துத் தொண்டையை விரித்து அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் சுருங்கும். கஞ்சி, பால், தண்ணீர், அவ்வளவுதான் இறங்கும். லாரி ஓட்டுகிற புருஷன் சூளூர்பேட்டைப் பக்கம் போனவன் அப்படியே அங்கே தங்கிவிட்டான். போகும்போது, "பெத்தவளே வெஷத்த வெச்சவ" என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அந்த அக்கா குரலில் ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாப்பா எதையும் குடிக்க மறுத்துவிட்டது. எந்த பாட்டிலைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பாட்டிலை மட்டும் நம்பியது, அதில் அச்சடித்த எழுத்து ஒட்டியிருந்ததால். அம்மா பேனாவில் எழுதி ஒட்டினால், "இது ஆஸ்பத்திரி எழுத்து இல்ல" என்றது. அதனால்தான் கம்பெனி மெஷினில் அடித்த லேபிள். ஒரு வாரத்துக்கு மொத்தமாக அடித்து வைத்தால் என்ன என்று அந்த அக்காவும் செய்து பார்த்திருக்கிறார். பாப்பா கட்டைக் கண்டுபிடித்து, "நாளிக்குத் தண்ணிய இன்னிக்கே எப்டிமா குடிச்சுப் பாத்த?" என்று கேட்டுவிட்டது. கில்லாடி! அன்றிலிருந்து தினம் ஒன்று, அன்றன்றைய தேதியோடு. சாயந்தரம் அம்மா கொண்டுவருகிற லேபிள் மறுநாள் சாயந்தரம் வரைக்கும் செல்லும். ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் பாப்பா விட்டுக்கொடுத்திருந்தது, சனிக்கிழமை லேபிளுக்கு இரண்டு நாள் ஆயுசு. முந்தின சாயந்தரம் கட்டம் கட்டமாக வந்த லேபிளைத்தான் வேறு வழியில்லாமல் கொண்டுபோயிருக்கிறார். "இதுல ஒண்ணுமே எழுதலியே" என்று பார்த்துவிட்டு பாப்பா வாயை மூடியதுதான். ராத்திரி முழுக்கத் திறக்கவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது பாப்பா வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா பாட்டிலில் லேபிளை ஒட்டி, மூடியைத் திறந்து, அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தார். பாப்பா அம்மாவின் தொண்டையைப் பார்த்தது. அது ஏறி இறங்குகிறவரைக்கும் பார்த்தது.

"எரியுதாமா?"

"இல்ல கண்ணு. ஜில்லுனு கீது."

அப்புறம் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலை வைத்துப் படித்தது. இ, து, தண், ணி. தேதியையும் படித்தது. அதற்கப்புறம் குடித்தது. ஒரு மடக்கு தண்ணீர் உள்ளே போக இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. கொஞ்சம் வாயில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, இறக்கிவிட்டு, மறுபடியும் கொஞ்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வண்டி சீட்டைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்திரை வெயிலில் அன்றைக்கு நான் வாங்காமல் விட்ட பாட்டிலும் நினைவுக்கு வந்தது.

திரும்பி கம்பெனிக்கு வந்ததும் நேரே தரம் பார்க்கிற அதிகாரியிடம் போனேன். மெஷினில் நிரந்தரமாக வைக்கிற இடம் ஒன்றும் உண்டு. அதில் ஏற்றிவிட்டால் கரண்ட் போனாலும் எழுத்து போகாது. ஆனால் அந்த இடம் நிறைந்திருந்தது. மெஷினை விற்றவர்கள் ஜம்பத்துக்கு ஏற்றிவைத்த எழுத்துகள். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி சுருள் சுருளாக ஒன்று, பொம்மைக் கடைப் பலகை மாதிரி குண்டாக ஒன்று. கக்கூஸ் கழுவுகிற மருந்துக்குச் சுருள் எழுத்து எதற்கு? வந்த நாளிலிருந்து ஒருவரும் தொட்டதில்லை. அதில் ஒன்றை அழித்தால் தமிழுக்கு இடம் கிடைக்கும். கம்பெனி உத்தரவு இல்லாமல் நான் கை வைக்கக்கூடாது.

அதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. மேனேஜரிடம் அன்றைக்குச் சொன்னதும் அதுதான் போலிருக்கிறது.

"அழிச்சுட்டு ஏத்திடுங்கோ," என்றார். "யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்கோ." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் குழந்தைக்கு இப்ப தண்ணி இறங்கித்தா?" என்று கேட்டார். இறங்கியது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஏற்றினேன். எழுத்தை மட்டுமில்லை, அந்த வாக்கியத்தையும் அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய தேதியோடு வந்து விழும், கம்ப்யூட்டரே வேண்டாம். அந்த அக்கா நம்பவில்லை. சுவிட்சை அணைக்கச் சொன்னார். போட்டார். அழுத்தினார். வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து போட்டுப் பார்த்தார். வந்தது.

"இனிமே வாடக ஊடு இல்லக்கா," என்றேன். "பட்டா போட்டாச்சி."

"நானு பூட்டாலும் இருக்குமா தம்பி?"

"நீ இன்னாத்துக்குப் போற? இருக்கும்."

அதற்கப்புறம் போன் குறைந்துவிட்டது. எப்போதாவது வேறு வேலையாகப் போனால் பாப்பா செய்தி கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சு. லேபிள் ஒட்டின பாட்டிலைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அவரவர் அம்மாவிடம் லேபிள் கேட்டு அழுகிறார்களாம், டீச்சருக்குப் பேஜார். ஒரு நாள் வாசலிலேயே என்னை நிறுத்தி, "தம்பி, நேத்து இட்லிய பால்ல கரச்சி குடுத்தேன், அர இட்லி துன்னுட்சி!" என்றார். அரை இட்லிக்கு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அது யார் என்றே தெரியாது, இருந்தாலும் கையைத் தலைக்கு மேல் கூப்பினாள்.

எனக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது. என் பையனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது முதலில் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கொடுக்கிறேன். "என்ன கண்றாவிப் பழக்கம் இது" என்று அம்மா திட்டுகிறாள். திட்டட்டும்.

அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. காண்டிராக்டர் மாறினபோது பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். போன் நம்பர் வேலை செய்யவில்லை. எளாவூர் லைன் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. கம்பெனியும் புது மெஷின் வாங்கி, பழையதை விற்றுவிட்டது. காக்களூரில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் சர்வீஸுக்கு நான்தான் போகிறேன். உள்ளே என்னென்ன எழுத்து இருக்கிறது என்று சீட்டு அடித்துப் பார்த்தால் கடைசி வரியில் நான் ஏற்றின அந்தத் தமிழ் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அவரை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால். மறுபடியும் ஒரு கோடை. மெஷினில் அச்சடிக்கிற தலைப்பகுதி எரிந்துபோய்விட்டது என்று மேனேஜரே போன் செய்திருந்தார். பல மாதங்களாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய்த் திறந்து பார்த்தேன். தலை மொத்தமாகப் போயிருந்தது. மெட்ராஸிலிருந்து புதுசு வரவேண்டும், மறுநாள்தான் வரும்.

அந்த அக்கா ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தகரக் கூரை கொதித்தது. பக்கத்து மேசையில் கேனுக்கு மூடி போடுகிற பெண் என்னிடம் வந்து, "அண்ணா, அக்கா காலைலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. ரெண்டு வாட்டி மயக்கம் வந்துட்சி. சொன்னா கேக்க மாட்டுது, நீயாவது சொல்லு" என்றாள்.

பாப்பாவின் லேபிளுக்குத்தான் இப்படிக் கவலைப்பட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இன்னாக்கா இது? இந்த மெஷினு இல்லன்னா இன்னா, காக்களூர்ல எனுக்குத் தெரிஞ்ச கம்பெனி கீது. அங்க அடிச்சி சாயந்தரத்துக்குள்ள எத்துனு வந்து பாப்பாகிட்ட நானே குடுக்கறேன். போதுமா?"

"பாப்பா இல்ல தம்பி."

எனக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆவணில பூட்டா. தொண்டைய விரிச்சி அனுப்பனாங்க. அதுக்கப்பறம் காய்ச்சலு. டாக்டருங்க நல்லாத்தான் பாத்தாங்க, யாரயும் கொற சொல்றதுக்கில்ல. அவ ஒடம்புல ஒண்ணும் இல்ல தம்பி. துன்னாத்தான ஒடம்புல இருக்கும்."

ஆவணி என்றால் எவ்வளவு மாதம் ஆகிவிட்டது! எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்று கோபம் வந்தது. அப்புறம் எனக்கு எதற்குச் செய்யவேண்டும், நான் யார் என்று தோன்றியது. மேசைக்கு அடியில் பாட்டில் இருந்தது. அதில் முந்தின நாள் தேதி போட்ட லேபிள். அதற்கடியில் அதற்கு முந்தின நாள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப்போய் இருந்தது.

"அப்ப இது யாருக்குக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"எனுக்குத்தான்." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை, உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. "அவ போனதுலேர்ந்து எனுக்குத் தண்ணி எறங்க மாட்டுது தம்பி. பாட்டில எடுத்தா, உள்ள இன்னா கீதோன்னு கீது. நானேதான் புடிச்சேன், நானேதான் வெச்சேன், தெரியிது. அப்பவும் எறங்க மாட்டுது. அந்த லேபிள ஒட்டி, அவள மாரியே வெரல வெச்சிப் படிச்சா எறங்குது. இது தண்ணி, அம்மா குடிச்சுப் பாத்துட்டேன். யாரோ சொல்றா மாரி கீது. இன்னிக்கு மெஷினு இல்ல."

மூடி போடுகிற பெண் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மெஷின் என்றால் திறந்து பார்ப்பேன்.

பிறகு பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து, அண்ணாந்து, ஒரு மடக்கு குடித்தேன். விழுங்கினேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு பாட்டிலை நீட்டினேன்.

"நான் குடிச்சுப் பாத்துட்டேன்க்கா. தண்ணிதான்."

அவர் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"எரியுதா தம்பி?"

காலையிலிருந்து தகரத்துக்கு அடியில் கிடந்த தண்ணீர். நாக்கில் சுட்டது.

"இல்லக்கா," என்றேன். "ஜில்லுனு கீது."

அதற்கப்புறம்தான் குடித்தார்.